முருகா துணை என்றொரு ஒய்ஃபை

காஞ்சனாவின் ஃபோனுக்கு வீட்டு ஒய்ஃபை தெரிந்தது. டிவிக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டு சுலோச்சனா சும்மா எட்டிப் பார்க்க வந்தாலும், அவளுடைய கீறல் விழுந்த ஃபோனுக்குக்கூடத் தெரிந்தது. கூடத்துச் சுவரில் காலண்டருக்கு மேலே மாட்டியிருந்த கேமராவுக்கு மட்டும் அது பிடிபடவில்லை. ஒய்ஃபை பெட்டிக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு சுவர்கூட இல்லை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது. அந்த நாற்காலியில் அவளுடைய நைனா வேதாசலம் உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

காஞ்சனா கேமராவைக் கழற்றினாள். பின்பக்கத்தில் ஊசியால் குத்த வேண்டிய துளையைக் குத்தினாள். சிவப்பு விளக்கு மின்னியது. நீலத்துக்கு மாறினால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அது மாறவில்லை.

“அத்த நல்லா தொடச்சி பாரேன்” என்றாள் சுலோச்சனா.

“ஏன்க்கா, ஒய்ஃபை இன்னா அழுக்குப் பட்டா நின்னுடுமா?”

“எனக்கு இன்னா தெரியும்? எங்க வீட்ல மிக்ஸி நின்னா தொடப்பேன், ஓடும்.”

காஞ்சனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேமரா வேலை செய்யாவிட்டால் அவள் வேலைக்குப் போக முடியாது.

வேதாசலம் பொதட்டூர்பேட்டைக்கும் திருத்தணிக்கும் நடுவே தனியார் பஸ் ஓட்டியவர். இப்போது ஞாபகம் நழுவிக்கொண்டிருந்தது. சாப்பிட்டது மறந்துவிடும், மகளின் கல்யாணம் மறந்துவிடும், ஆனால் வண்டி எடுக்க வேண்டும் என்பது மட்டும் மறக்காது. திடீரென எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். காஞ்சனா ஒருமுறை கதவைப் பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தபோது, தட்டித் தட்டி அவர் உள்ளங்கைகள் இரண்டும் வீங்கியிருந்தன. அதோடு பூட்டுவதை விட்டாள். புருஷன் குமரவேல் விடிவதற்குள் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தால் இருட்டித்தான் வருவான். சுலோச்சனா தறி ஓட்டுகிறவள். தறிச் சத்தத்தில் பக்கத்து வீட்டில் கதவு திறந்தால் அவள் காதில் விழாது.

கேமரா வந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. அதற்குக் கண்ணும் உண்டு, காதும் உண்டு, வாயும் உண்டு. பஜார் தெரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலையாக இருக்கும் காஞ்சனா, ஃபோனில் நைனா எழுந்திருப்பது தெரிந்ததும் பட்டனை அழுத்திப் பேசுவாள்: “நைனா, வண்டி இன்னும் ஷெட்லதான் கீது. டயர் மாத்திகினு இருக்காங்க. ஒக்காரு.” காலண்டருக்கு மேலேயிருந்து மகளின் குரல் வரும். வேதாசலம் அண்ணாந்து பார்ப்பார். “ஆங், சரிம்மா” என்று உட்கார்ந்துவிடுவார். கம்பியும் பூட்டும் செய்யாததை அந்தக் குரல் செய்தது.

பிறகு டாரோ வந்தது.

தெருவுக்கு இன்டர்நெட் கொடுத்துக்கொண்டிருந்த கேபிள்காரர் தன் வியாபாரத்தை டாரோ ஃபைபர் என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டார். பழைய இணைப்பு நின்றது. கே.ஜி.கண்டிகையிலிருந்து ராஜீவ் என்ற டெக்னீஷியன் கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். பெட்டியோடு வேறு பலதும் வந்தன. படம் பார்க்க டாரோ டிவி, பாட்டுக்கு டாரோ சங்கீதம், வைரஸுக்கு டாரோ கவசம், இவை எல்லாவற்றையும் திறந்து மூட டாரோ ஹோம் என்று ஒரு ஆப்.

“தம்பி, எனக்கு இன்டர்நெட் மட்டும் போதும்” என்றாள் காஞ்சனா.

“அது மட்டும் தனியா வராதுக்கா. எல்லாம் சேத்துதான். நீங்க தொறக்காம வுட்டா போச்சி.”

திறக்காமல் விட முடியவில்லை. பெட்டியை முதலில் உயிர்ப்பிக்கவே டாரோ ஹோம் வேண்டியிருந்தது. அதற்குள் நுழைய டாரோ மெயில் கேட்டது. மெயில் தொடங்கினால் கவசம் தானே இறங்கியது. கடைசியில் ஒரு பக்கம் வந்தது. பலூன்கள் பறந்தன. ‘உங்கள் ஒய்ஃபைக்குத் தமிழிலேயே பெயர் வையுங்கள்!’

“அக்கா, இன்னா பேரு வைக்கட்டும்?” என்று ராஜீவ் பிள்ளைக்குப் பெயர் கேட்பதுபோலக் கேட்டான்.

நாற்காலியிலிருந்து வேதாசலம் சொன்னார்: “முருகா துணை.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் தெளிவாக இருந்தது. “புது வண்டின்னா மொதல்ல அதத்தான் எழுதணும். கண்ணாடிக்கு மேல, மஞ்ச பெயின்ட்ல. எழுதாம வண்டிய வெளிய எடுக்காத.”

பல நாளுக்குப் பிறகு நைனா வாயிலிருந்து பொருத்தமாக வந்த பேச்சு. காஞ்சனாவுக்குக் கண் கலங்கியது. ராஜீவ் அப்படியே தமிழில் அடித்தான். ‘முருகா துணை’ என்ற ஒய்ஃபை காற்றில் ஏறியது. அன்று முதல் கேமராவின் விளக்கு சிவப்புதான்.

அவள் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தாள். தன் ஃபோனிலேயே ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தாள். கேமரா உடனே சேர்ந்தது, விளக்கு நீலமானது. அப்படியானால் கேமரா கெடவில்லை. ஆனால் அவள் கடைக்குக் கிளம்பினால் ஃபோனும் கூடவே போய்விடுமே. புருஷனின் பழைய ஃபோனை வீட்டில் வைத்து ஹாட்ஸ்பாட் போட்டாள். வேதாசலம் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஜார் வரை நடந்துவிட்டார்.

கஸ்டமர் கேருக்கு ஃபோன் செய்தாள். முதலில் பாட்டு, பிறகு டாரோ சங்கீதத்தில் சேரச் சொல்லி விளம்பரம், பிறகு பிரியங்கா என்ற பெண்.

“உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது மேடம். நெட் வருதுங்களா?”

“வருதும்மா. கேமராவுக்குத்தான் வரல.”

“அந்தக் கேமரா டாரோ குடும்பத்தைச் சேர்ந்ததுங்களா மேடம்?”

“இல்லம்மா. அது எங்க குடும்பத்த சேந்தது.”

மறுமுனையில் சிரிப்பை அடக்குவதுபோலக் கேட்டது. பிறகு பிரியங்கா மனப்பாடத்துக்குத் திரும்பினாள். “வெளிக் கம்பெனி சாதனத்துக்கு நாங்க உதவி பண்ண முடியாதுங்க மேடம். உங்களுக்கு டாரோ கண் கேமரா சோதனைக்கு இலவசமா அனுப்பறோம். பதிவு பண்ணிக்கட்டுங்களா?”

காஞ்சனா சரியென்றாள். வேறென்ன சொல்வது? கடை முதலாளி பக்தவச்சலம் நல்ல மனுஷன்தான். ஆனால் “இந்த வாரம் பாரும்மா. அதுக்கு மேல நானும் ஒராள வச்சாகணும்” என்று அவரும் சொல்லிவிட்டார்.

டாரோ கண் வந்தது. பளபளவென்று ஆந்தை முட்டை மாதிரி இருந்தது. ‘முருகா துணை’யில் மாட்டியதும் சேர்ந்துகொண்டது. காஞ்சனா நிம்மதியோடு கடைக்குப் போனாள். நைனா எழுந்தார். அவள் பேசும் பட்டனை அழுத்தினாள். ‘இருவழிப் பேச்சு டாரோ பிளஸ் உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்று வந்தது. அவள் வேறு எதையோ அழுத்துவதற்குள், முட்டை தன் சொந்தக் குரலில், செய்தி வாசிப்பவள்போல அறிவித்தது: “நபர் கண்டறியப்பட்டார். நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்.”

வேதாசலம் விறைத்து நின்றதைக் காஞ்சனா ஃபோனில் பார்த்தாள். அவர் முட்டைக்கு ஒரு சல்யூட் வைத்தார். “இதோ எட்த்துட்டேன் சார்” என்றார். செக்கிங் இன்ஸ்பெக்டர் என்று நினைத்துவிட்டார். செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனார்.

“நைனா! நைனா!” கண்ணாடிக் கடையில் நின்று ஃபோனைப் பார்த்துக் கத்தினாள். கத்தியது கடையில் இருந்தவர்களுக்குத்தான் கேட்டது. ஃபோனில் காலி நாற்காலி தெரிந்தது. படம் மிகத் துல்லியமாக இருந்தது.

அவரை பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தார்கள். கிளம்பத் தயாராக நின்ற பஸ்ஸில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். சாவி வண்டியில்தான் இருந்தது. கை அதன்மேல் இருந்தது. டீ குடிக்கப் போயிருந்த டிரைவர் திரும்பி ஓடிவந்தான், நல்லவேளையாக அடிக்கவில்லை. “பெரியவரே, எறங்கு” என்று கெஞ்சினான். உள்ளே பயணிகள் இருந்தார்கள். கிருத்திகைக்குக் காவடியோடு வந்தவர்கள், மடியில் குழந்தை வைத்திருந்தவர்கள். மூச்சிரைக்க வந்த காஞ்சனா படியில் நின்று, “நைனா, வண்டி இன்னும் ஷெட்லதான் கீது” என்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். “அப்ப இது யார் வண்டி?” என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்.

வீட்டுக்கு வந்து முட்டையைப் பிடுங்கினாள். அழுகையாக வந்தது. நைனா மேலேயா, முட்டை மேலேயா, தன் மேலேயா என்று தெரியவில்லை.

“பிளஸ்ஸோ மைனஸோ, அதுல சேந்துடேன்” என்றாள் சுலோச்சனா.

சேரத்தான் போனாள். ஆப்பில் டாரோ பிளஸ்ஸைத் தொட்டதும் மறுபடியும் பலூன்கள். ‘டாரோ பிளஸ் உங்கள் பகுதிக்கு விரைவில் வருகிறது!’

“இத்த பாருக்கா. கடையே தொறக்கல, கடைக்குள்ள வா வான்னு கூப்புடறான்.”

மறுநாள் சுலோச்சனா தறியை நிறுத்திவிட்டு வேதாசலத்தோடு உட்கார்ந்தாள். ஒரு நாளைக்குச் செய்யலாம். தினமும் அவளால் எப்படி முடியும்? காஞ்சனா கடைக்குப் போனாள், மனமெல்லாம் வீட்டில்.

கடையில் எழுத்து அட்டைகள் மூன்று உண்டு. தூரத்தில் மாட்டி, கண்ணுக்கு லென்ஸ் மாற்றி மாற்றி வைத்து, “தெரியுதா?” என்று கேட்பதற்கான அட்டைகள். ஒன்று தமிழ், ஒன்று இங்கிலீஷ், இன்னொன்று நகரி, புத்தூர் பக்கமிருந்து வருகிறவர்களுக்குத் தெலுங்கு. அன்று வந்த அம்மாள் வாசலில் தமிழில்தான் பேசினாள். காஞ்சனா தமிழ் அட்டையையே மாட்டிவிட்டாள். லென்ஸ் போட்டாள்.

“மேல் வரி படிங்கம்மா.”

அம்மாள் பேசாமல் இருந்தாள். காஞ்சனா லென்ஸை மாற்றினாள். அப்போதும் பேச்சில்லை. இன்னொன்று போட்டாள். இத்தனை பெரிய எழுத்துக்கூடவா தெரியவில்லை? பார்வை அவ்வளவு மோசமா? பக்தவச்சலம் எழுந்து வந்து பார்த்தார்.

“கனபடுதுந்தம்மா” என்றாள் அந்த அம்மாள் கூச்சத்தோடு. “சதவடம் ராது. நல்லா தெரியுது. படிக்கத்தான் தெரியாது. நான் தெலுங்கு ஸ்கூலுமா.”

பக்தவச்சலம் சிரித்துவிட்டார். “ஏம்மா, இத்த மொதல்லியே சொல்லக் கூடாதா? இவ லென்ஸ் பொட்டியவே காலி பண்ணியிருப்பா.” அவர் தெலுங்கு அட்டையை மாட்டினார். அம்மாள் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தாள்.

காஞ்சனா கையில் லென்ஸோடு அப்படியே நின்றாள். நல்லா தெரியுது. படிக்கத்தான் தெரியாது.

மாலை வீடு வந்ததும் கேமராவின் ஆப்பைத் திறந்தாள். அக்கம்பக்கத்தில் கேமரா காண்கிற ஒய்ஃபை பெயர்களையெல்லாம் அது காட்டும். தினமும் பார்த்த பக்கம்தான்; ‘முருகா துணை’ மட்டும் அதில் வந்ததே இல்லை. SriVelTex, இன்னும் சில. நடுவே ஒன்று வெறும் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாக இருந்தது. யாரோ கிறுக்கு வைத்த பெயர் என்று இத்தனை நாளும் அதைத் தாண்டிப் போயிருந்தாள்.

“அக்கா, அந்தக் கறுப்புப் பொட்டி சுச்ச அணை.”

சுலோச்சனா அணைத்தாள். காஞ்சனா பக்கத்தைப் புதுப்பித்தாள். கட்டங்களும் கேள்விக்குறிகளும் காணாமல் போயிருந்தன.

“போடு.”

திரும்பி வந்தன.

“அக்கா, அது நாமதான்! அந்தக் கேள்விக்குறி நாமதான்க்கா!”

விஷயம் இதுதான். இந்தக் கருவிகளுக்கு எழுத்து என்று ஒன்று கிடையாது, எல்லாம் எண்கள். ஒய்ஃபை பெயருக்கு முப்பத்திரண்டு கட்டங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் ஒரு எண். இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு கட்டம் போதும். தமிழில் ‘மு’ எழுத ஆறு கட்டம் ஆகிறது. ‘ம’வுக்கு மூன்று, அதன் காலில் வரும் உகரக் குறிக்கு மூன்று. அப்படிப் போட்டால் ‘முருகா துணை’ நடு இடைவெளியோடு முப்பத்தொரு கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். அதனால்தான் டாரோ பெட்டி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஃபோனும் டிவியும் மும்மூன்று கட்டமாகச் சேர்த்துப் படிக்கக் கற்றவை. அந்தப் பழைய கேமரா கற்கவில்லை. ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தது, எதுவும் தனக்குத் தெரிந்த எழுத்தாக இல்லை, கேள்விக்குறி போட்டது. பெயரைச் சரியாகத் திருப்பிச் சொல்லத் தெரியாதவனை ஒய்ஃபை உள்ளே விடாது. ஹாட்ஸ்பாட் வேலை செய்ததற்கும் அதுவே காரணம். அதன் பெயர் Kanchana.

“அப்ப பேர மாத்து” என்றாள் சுலோச்சனா.

இத்தனை சின்ன விஷயம். காஞ்சனா டாரோ ஹோமைத் திறந்து, பெயரைத் தொட்டாள். ‘முதல் பெயர் இலவசம்! பெயர் மாற்றம் டாரோ பிளஸ் உறுப்பினர்களுக்கு.’ பலூன்கள்.

ஃபோனைச் சுவரில் எறியலாம்போல இருந்தது. தன் வீடு, தன் கூடம், தான் கூப்பிடும் பெயர். அதை மாற்ற உரிமையில்லை. பெட்டிக்குள் நேராக நுழையும் பக்கத்தை பிரவுசரில் திறந்து பார்த்தாள். அதுவும் ‘டாரோ ஹோமுக்குச் செல்லவும்’ என்று ஆப்பின் வாசலிலேயே கொண்டுபோய் விட்டது. பிரியங்காவைக் கூப்பிட்டாள். “உங்க கோரிக்கையைப் பதிவு பண்ணிட்டேங்க மேடம்” என்றாள் பிரியங்கா. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அவளாலும் அவ்வளவுதான் முடியும்.

கடைசியில் ராஜீவைப் பிடித்தாள். அவன் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

“எனக்கும் பூட்டிட்டாங்கக்கா. முன்ன எங்க ஃபோன்லயே மாத்துவோம். இப்ப எல்லாம் கம்பெனி கைல.”

“அப்ப நான் இன்னா பண்றது? நைனாவ கட்டிப் போடறதா?”

வேதாசலம் நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். “யார கட்டிப் போடற?”

“உன்ன இல்ல நைனா. வண்டிய.”

“ஹேண்ட் பிரேக் போட்டா போதும்” என்றார் அவர்.

ராஜீவ் பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தான். மஞ்சள் நிறத்தில் வயர் குத்தும் துளைகள் இருந்தன. “இத இன்னும் பூட்டலக்கா” என்றான் மெதுவாக. “உங்ககிட்ட பழைய ரவுட்டர் ஒண்ணு இருந்துச்சே. வெள்ளையா. அத இன்னா பண்ணீங்க?”

பரண்மேல் இருந்தது, கொலுப் பொம்மை அட்டைப்பெட்டிக்குப் பின்னால். கேபிள்காரர் காலத்தில் இவர்களே வாங்கியது. அதன் ஒய்ஃபை பெயர் Vedachalam, இங்கிலீஷில். கேமரா அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் இன்னும் மறக்காமலும் இருக்கலாம். கரன்ட் போனாலும் மறக்காத இடத்தில் அது அவற்றை எழுதி வைத்துக்கொள்ளும். காஞ்சனா கேமராவைப் புதிதாகச் சேர்க்க ஊசியால் குத்தியதில் அவை அழிந்திருந்தால்கூட, திரும்பச் சொல்லிக் கொடுத்தால் அந்தப் பெயரை அதற்குப் படிக்கத் தெரியும்.

“கேபிள்காரர் இன்டர்நெட்ட ஒரு வயர்ல குட்த்தாரு. இப்ப அதே வயர டாரோ குடுக்கறான்னு நெனச்சிக்க வேண்டியதுதான்” என்றான் ராஜீவ். “ஆனா இத நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கக்கா.”

காஞ்சனா தூசியைத் துடைத்தாள்.

“நான்தான் அன்னிக்கே தொடைக்கச் சொன்னேனே” என்றாள் சுலோச்சனா.

மறுநாள் கண்ணாடிக் கடையில் ஃபோன் அதிர்ந்தது. நைனா எழுந்து சட்டையைத் தேடினார். காஞ்சனா பட்டனை அழுத்தினாள். “நைனா, வண்டி இன்னும் ஷெட்லதான் கீது.” அவர் அண்ணாந்து பார்த்தார். குரல் அவளுடையதுதானா என்று யோசிப்பதுபோல, முன்பைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். இந்தக் குரலும் எத்தனை நாளைக்கு அவருக்கு அடையாளம் தெரியும் என்பதற்கு எந்தப் பெட்டியிலும் துளை இல்லை. பிறகு, “ஆங், சரிம்மா” என்று உட்கார்ந்தார்.

டாரோ ஹோமில் எதையும் மாற்றவில்லை. ‘முருகா துணை’ நைனா வைத்தபடியே காற்றில் இருக்கிறது. ஃபோனும் டிவியும் அதில் ஓடுகின்றன. கறுப்புப் பெட்டியின் மஞ்சள் துளையில் ஒரு வயர், அந்த வயரின் மறுமுனை பழைய வெள்ளை ரவுட்டரின் நீலத் துளையில், ரவுட்டரின் ஒய்ஃபைக்கு இங்கிலீஷ் எழுத்தில் பெயர், கேமரா அதில்.